இந்த எண் இந்த டிரைவருக்கு மட்டும்

மாப்பிள்ளையின் விசைப்பலகையைப் பார்க்கும்போதெல்லாம் ரசீதக்காவுக்கு அடிவயிற்றிலிருந்து குமட்டிக்கொண்டு வரும். எழுத்துகளுக்கு நடுவே பிஸ்கட் தூள் அடைந்து கிடக்கும். எப்போதோ சிந்திய காபி ஓர் ஓரத்தில் காய்ந்து பொருக்குத் தட்டியிருக்கும். அதிகம் தட்டப்படும் பொத்தான்களின்மேல் விரலெண்ணெய் படிந்து மினுங்கும். மினுங்குகிறவை எவை என்று ஒருநாள் குனிந்து பார்த்தாள். நகலெடுக்க ஒன்று, ஒட்ட ஒன்று, இரண்டுக்கும் துணையாக மூலையில் ஒன்று. மற்றவற்றின்மேல் தூசி அப்படியே இருந்தது.

மாப்பிள்ளை என்றால் அவளுடைய தங்கையின் கணவர். லிஃப்டுகளை இயக்கும் கட்டுப்பாட்டுப் பெட்டிகளைத் தயாரிக்கும் அந்த நிறுவனத்தில் அவருக்கு வேலை கிடைத்ததே ரசீதக்காவின் ஒரு வார்த்தையால்தான். "நல்ல பையன் சார், உழைப்பாளி" என்று மேலாளரிடம் அன்று சொன்ன வாயை நினைத்தால் அவளுக்கு இன்றும் கசக்கும். சேர்ந்த சில ஆண்டுகளிலேயே அவர் பிரேக் பிரிவின் பொறுப்பாளர் ஆகிவிட்டார். வீட்டில் அவளை "அக்கா" என்பார். அலுவலகத்தில் நாலு பேர் முன்னால் "மேடம்" என்பார். ஏதாவது காரியம் ஆகவேண்டுமென்றால் அலுவலகத்திலும் அக்காதான். அவர் வாயில் எந்தச் சொல் வருகிறது என்பதை வைத்தே வந்த விஷயம் எவ்வளவு அழுகியது என்று கண்டுபிடித்துவிடலாம்.

ரசீதக்கா என்பது அவளுக்கு அலுவலகம் வைத்த பெயர். அதே நிறுவனத்தின் ஆவண அறையில் கோப்புகளை அடுக்கும் வேலைக்குத்தான் முதலில் வந்தாள். ஜன்னலில்லாத அறை, பசையும் ஈரக்காகிதமும் கலந்த ஒரு நெடி, வருகிறவர்கள் எல்லாரும் கேட்பதை வாங்கிக்கொண்டு முகம் பாராமல் போய்விடுவார்கள். வாங்கிப் போனதற்கு அத்தாட்சி வாங்காமல் அவள் ஒருவரையும் விட்டதில்லை. "ஐயோ, ரசீதக்கா கேட்டா ரசீது குடுத்துத்தான் ஆகணும்" என்ற கேலி அப்படியே ஒட்டிக்கொண்டது. அடுக்கவந்த கையேடுகளை அவள் படித்தாள். புரியாததை மறுபடி படித்தாள். யாரும் தொடத் துணியாத கெர்னலை, அதாவது இயங்குதளத்தின் உட்கருவை, வீட்டில் ஒரு பழைய கணினியில் கழற்றிக் கழற்றிப் பூட்டிக் கற்றுக்கொண்டாள். எந்தக் கல்லூரியும் அவளுக்குச் சான்றிதழ் கொடுத்ததில்லை. ஒருநாள் பொறியாளர் பற்றாக்குறையில் மேல்மாடிக்கு ஏற்றிவிட்டார்கள். அம்மா மட்டும் அக்கம்பக்கத்தில், "பெரியவ கம்பெனியில டிரைவர் வேலை பாக்குறா" என்று சொல்லித் திரிந்தாள். "என்ன வண்டி ஓட்டுறா?" என்று கேட்டவர்களுக்கு, "லிஃப்டு" என்று பதில் வேறு.

டிரைவர் என்றால் இங்கே ஆளல்ல, கெர்னலுக்குள் ஓடும் ஒரு நிரல்; அவளுடையது என்ன செய்கிறது என்பதைச் சொல்லிவிட வேண்டும். நடந்த அசிங்கம் முழுவதும் அதில்தான் ஒட்டியிருக்கிறது.

பெட்டிக்குள் பல நிரல்கள் ஒரே சமயத்தில் வேலை செய்கின்றன. கதவுக்கு ஒன்று, பிரேக்குக்கு ஒன்று, விசிறிக்கு ஒன்று, கெர்னலுக்குச் சொந்தமாக ஒன்று. தான் என்ன செய்கிறேன், எங்கே தடுக்கியது என்று ஒவ்வொன்றும் முணுமுணுத்துக்கொண்டே இருக்கும். அந்த முணுமுணுப்புகள் அத்தனையும் சிப்பிலிருந்து ஒரே கம்பி வழியாக வெளியே வருகின்றன. அதற்கு ட்ரேஸ் என்று பெயர். ஒரே கம்பியில் எல்லா வாயும் பேசினால் யார் பேசியது என்று எப்படித் தெரியும்? அதற்காகப் பல நிறுவனங்கள் கூடி உட்கார்ந்து ஒரு பொது நெறிமுறை வகுத்திருக்கின்றன. பேசுகிற ஒவ்வொரு நிரலும் தன் பேச்சின் முன்னால் தன்னுடைய நீண்ட அடையாள எண்ணைச் சொல்லிவிட்டுத்தான் பேச வேண்டும். அந்த நெறிமுறைக்கான டிரைவரைக் கெர்னலுக்குள் அமைத்துக் கொடுப்பதும், எந்த எண் எந்தப் பிரிவுக்கு என்ற பதிவேட்டைக் கணினியில் பராமரிப்பதும் ரசீதக்காவின் வேலை.

அமைக்கும் முறை எளிதானது. பேசப்போகும் நிரலின் பெயரில் ஒரு ஃபோல்டரைத் திறந்தால், கெர்னல் அதற்குள் தானாகவே சில கோப்புகளைப் போட்டுவிடும். அவற்றில் ஒன்றில் அடையாள எண் இருக்கும். நாம் ஒன்றும் எழுதாவிட்டால் கெர்னலே குலுக்கிப்போட்டு ஒன்றைத் தந்துவிடும். ஆனால் இவை எல்லாம் நினைவகத்தில் மட்டும் இருப்பவை. பெட்டியை அணைத்தால் அழிந்துபோகும். மறுபடி போட்டால் வேறொரு எண் வரும். எண் தினமும் மாறினால் பதிவேட்டுக்கு என்ன மதிப்பு? ஆகவே பெட்டி உயிர்பெறும்போது ஓடுகிற கட்டளைப் பட்டியலான ஸ்கிரிப்டில், ஃபோல்டரைத் திறக்கும் வரிக்குக் கீழே, கெர்னலின் பேச்சுக்கென்று தன் பெயரில் பதிவான எண்ணை நிலையாக எழுதும் ஒரு வரியை அவள் சேர்த்திருந்தாள். அதற்கு மேலே, எவனாவது அறியாமல் எடுத்துவிடக் கூடாதே என்று, ஒரு குறிப்பும் போட்டிருந்தாள்: இந்த எண் இந்த டிரைவருக்கு மட்டும். மற்றவர்கள் பதிவேட்டில் கேட்டுத் தங்களுக்கென ஓர் எண் பெறவும்.

பிரேக் பிரிவு மட்டும் அவளிடம் எண் கேட்டு வரவே இல்லை. பதிவேட்டில் அந்த இடம் காலியாகவே இருந்தது. நினைவூட்டி மடல் அனுப்பினாள். "பாத்துக்கலாம் மேடம்" என்று பதில் வந்தது.

சிக்கல் ஒரு திங்கட்கிழமைக் கூட்டத்தில் வெடித்தது. மேலாளருக்கு அலுவலகத்தில் சுமுகம் என்று பெயர். எதைச் சொன்னாலும் "சுமுகமா முடிச்சுக்கலாம்" என்று முடிப்பார். அவர் முகத்திலும் அந்தச் சுமுகம் தடவிவிட்டதுபோல எப்போதும் வழவழவென்று இருக்கும். புதிய பெட்டியைச் சோதனைக்கூடத்தில் ஓட்டியபோது, லிஃப்ட் தளத்தில் நிற்க வேண்டிய இடத்தைக் கடந்து கொஞ்சம் கீழே இறங்கி நின்றிருக்கிறது. ஒருமுறை அல்ல, திரும்பத் திரும்ப. ட்ரேஸை வாசித்தால் ஒவ்வொரு முறையும் அதற்குச் சற்று முன்னால் ஒரே புலம்பல்: நேரம் கடந்துவிட்டது. புலம்பியது யார் என்று எண்ணைப் பார்த்தார்கள். ரசீதக்காவின் எண்.

"ஆக, ட்ரேஸ் டிரைவர்தான் கெர்னலைக் காக்க வைக்குது. அதனால பிரேக் லேட்டாகுது. அறிக்கையே சொல்லுது" என்றார் சுமுகம்.

"என் டிரைவர் பேச்சைக் கடத்துறதோட சரி சார். அது பிரேக்கைத் தொடுறதே இல்லை."

"நம்பர் உங்களோடது தானேம்மா?"

"நம்பர் என்னோடதுதான்."

"அப்புறம் என்ன? யாரையும் குத்தம் சொல்லல. சுமுகமா முடிச்சுக்கலாம். ட்ரேஸை விற்பனைப் பெட்டியிலருந்து எடுத்துடுவோம். வெள்ளிக்கிழமைக்குள்ள நீங்க காரணத்தை ஒத்துக்கிட்டுப் பதிவேட்டுல ஒரு வரி போட்டுடுங்க. பெட்டிகள் கிளம்பணும்."

"ட்ரேஸை எடுத்துட்டா எனக்கு இங்க என்ன வேலை சார்?"

"ஆவண அறையில ஆளே இல்லாம தவிக்கிறாங்க. உங்களுக்குத் தெரியாத இடமா?"

மேசையைச் சுற்றி இருந்தவர்களில் ஒருவர் வாய்க்குள் சிரித்தார். மாப்பிள்ளை மட்டும் ரொம்ப அக்கறையாக, "மேடமுக்கு அங்க டென்ஷன் இருக்காது சார்" என்று எடுத்துக்கொடுத்தார். பல்லிடுக்கில் எதையோ நாக்கால் துழாவிக்கொண்டே சொன்னார்.

இருக்கையில் வந்து உட்கார்ந்தபோது ரசீதக்காவுக்கு அந்த ஜன்னலில்லாத அறையின் பசை நெடி மூக்கில் ஏறிவிட்டது. ஆனால் அதைவிட அருவருப்பாக இருந்தது வேறொன்று. ட்ரேஸை எடுத்துவிட்டால் புலம்பல் வராது. பிரேக் தாமதமாவது அப்படியே இருக்கும். காதை அறுத்துப் போட்டுவிட்டு வீட்டில் யாரும் அழவில்லை என்று சொல்வதற்குத்தான் வெள்ளிக்கிழமைவரை தவணை. யாரோ ஒரு பெண் கைக்குழந்தையோடு காலை எடுத்து வைப்பாள். தரை ஒரு சாண் கீழே இருக்கும்.

தன் டிரைவரில் தப்பு இருக்கவே முடியாது என்று அவள் நினைக்கவில்லை. கணினியில் அப்படி நினைத்தவர்கள் எல்லாரும் ஒருநாள் அசிங்கப்பட்டிருக்கிறார்கள். ஆகவே முதலில் தன் நிரலை வரிவரியாகப் படித்தாள். ஒன்றும் கிடைக்கவில்லை. பிறகு சோதனைக்கூடத்துக்கு இறங்கிப்போனாள்.

பரிசோதகர் வயதானவர், வெறுப்பாகப் பேசுவார், ஆனால் கேட்டதைச் செய்வார். லிஃப்டுக்குப் பதிலாக ஒரு இரும்புச் சட்டத்தில் மோட்டாரும் எடையும் கட்டி வைத்திருந்தார்.

"வா ரசீது. ஆவண அறை சாவியை வாங்கிட்டியா?"

"அண்ணே, உங்க வாய்ல நல்ல வார்த்தையே வராதா?"

"நல்ல வார்த்தையெல்லாம் மேல்மாடியில செலவாயிடுச்சு. என்ன வேணும்?"

"என் நம்பரை மாத்தப்போறேன். மாத்திட்டு ஓட்டிப் பாக்கணும்."

அவர் கண்ணாடியை மேலே தள்ளிவிட்டு அவளைப் பார்த்தார். "பேரை மாத்திக்கிட்டு ஓடிப்போறியா?"

"இல்லண்ணே. நான் போனா புலம்பல் என்கூடவே வருதா, இல்ல பழைய வீட்லயே உக்காந்திருக்கான்னு பாக்கணும்."

ஸ்கிரிப்டில் தன் வரியில் இருந்த எண்ணின் கடைசி இலக்கத்தை மட்டும் மாற்றினாள். வேறு எதையும் தொடவில்லை. பெட்டியை அணைத்துப் போட்டார்கள். எடை மேலே ஏறியது, இறங்கியது, நிற்க வேண்டிய கோட்டைக் கடந்து வழுக்கி நின்றது. திரையில் பேச்சுகள் ஓடின. கெர்னலின் வழக்கமான முணுமுணுப்புகள் எல்லாம் புதிய எண்ணில் ஒழுங்காக வந்தன. புலம்பல் பழைய எண்ணிலேயே வந்தது.

"அட" என்றார் பரிசோதகர். "நீ வீட்டைக் காலி பண்ணிட்ட. உள்ள இன்னும் யாரோ இருமுறான்."

"பிரேக் நிரலோட ட்ரேஸை மட்டும் அணைங்க."

அணைத்தார். மறுபடி ஓட்டினார். எடை வழுக்கியது. பழைய எண் வாயே திறக்கவில்லை.

பிரேக் பிரிவின் ஸ்கிரிப்டைத் திரையில் திறந்தபோது ரசீதக்காவுக்கு உண்மையாகவே வாயில் எச்சில் ஊறியது. வாந்திக்கு முன்னால் ஊறுமே, அந்த எச்சில். அவளுடைய ஸ்கிரிப்ட் அப்படியே அங்கே கிடந்தது. ஃபோல்டரின் பெயரை மட்டும் பிரேக் என்று மாற்றியிருந்தார்கள். அவள் போட்ட இடைவெளிகள், அவள் பழக்கத்தால் வரி முடிவில் விடும் புள்ளி, எல்லாம் அவளுடையவை. அவளுடைய எண். அதற்கு மேலே அவளுடைய குறிப்பு: இந்த எண் இந்த டிரைவருக்கு மட்டும்.

பரிசோதகர் எட்டிப் பார்த்து வாய்விட்டுச் சிரித்தார். "திருடக் கூடாதுன்னு எழுதின பலகையையும் சேத்துத் தூக்கிட்டுப் போயிருக்கானேம்மா!"

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. யாரோ தன் பல்துலக்கியை எடுத்துப் பல காலமாகப் பயன்படுத்திக்கொண்டிருந்தது இப்போதுதான் தெரியவந்ததைப் போல இருந்தது.

மாப்பிள்ளை தன் இருக்கையில் பிஸ்கட்டைக் காபியில் நனைத்துக்கொண்டிருந்தார். ரசீதக்கா அருகில் போய் நின்று, குரலை உயர்த்தாமல் சொன்னாள். "பிரேக் ஸ்கிரிப்ட்ல இருக்கிறது என் நம்பர் மாப்பிள்ளை."

அவர் சுற்றுமுற்றும் பார்த்தார். ஆளில்லை. "அக்கா, உக்காருங்க முதல்ல."

"நிக்கிறேன்."

"அது வேலை செஞ்சுது, எடுத்துப் போட்டேன். எல்லாரும் செய்யிறதுதானே? உங்களோடதுன்னா தப்பு இருக்காதுன்னு ஒரு நம்பிக்கைதான்."

"மேல இருந்த குறிப்பைப் படிக்கலையா?"

"குறிப்பெல்லாம் யாரு படிக்கிறாக்கா?" நனைந்த பிஸ்கட் ஒடிந்து கோப்பைக்குள் விழுந்தது. இரண்டு விரலை விட்டு அதைத் துழாவி எடுத்து வாயில் போட்டுக்கொண்டார். "சார்கிட்ட போன வாரமே சொல்லிட்டேன்க்கா. மறைக்கல."

"என்ன சொன்னீங்க?"

"நம்பர் கலந்துடுச்சு, பிரேக்ல ஒரு சின்னத் தாமதம் இருக்குன்னு. அவர்தான், இப்ப கிளறவேணாம், ட்ரேஸோட சேத்து முடிச்சுடலாம்னார். எனக்கு அடுத்த மாசம் பதவி உயர்வு வருதுல்ல. நீங்க ஒத்துக்கிட்டா யாருக்கும் நஷ்டமில்ல."

"ஏறுறவங்களுக்கு?"

"ஒரு சாண்தானே அக்கா" என்றார் மாப்பிள்ளை. விரலைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டார்.

ஆக, அறியாமையில்லை. திங்கட்கிழமைக் கூட்டத்தில் அறிக்கையை வாசித்தபோது மேசையில் குறைந்தபட்சம் இரண்டு பேருக்கு உண்மை தெரிந்திருந்தது. கண்டுபிடித்துக் காட்டிவிட்டால் திருந்திவிடுவார்கள் என்று சோதனைக்கூடத்திலிருந்து படியேறி வந்தபோது நினைத்த தன் அசட்டுத்தனத்தின்மேலும் அவளுக்கு அருவருப்பு வந்தது.

மறுநாள் மாலை வீட்டுக்குப் போனபோது வாசலில் தங்கையின் செருப்பு. உள்ளே தங்கை அம்மாவின் பக்கத்தில் கண்ணைக் கசக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"வாடி மகராசி" என்றாள் அம்மா. "மாப்பிள்ளை வயித்துல அடிக்கப்போறியாமே?"

"யார் சொன்னா?"

"அவர் ஒண்ணுமே சொல்லலக்கா" என்று மூக்கை உறிஞ்சினாள் தங்கை. "ராத்திரி சரியா சாப்பிடல. அதுலயே புரிஞ்சுது. ஏதோ ஒரு நம்பருக்காக நீ இவ்வளவு பண்ணணுமா? எங்களுக்கு ரெண்டு பிள்ளைங்க இருக்கு. உனக்கென்ன, ஒத்தைக் கட்டை. மாடியில இருந்தா என்ன, கீழ இருந்தா என்ன?"

"கீழ உக்காந்தா இன்னும் நல்லதுதான்" என்றாள் அம்மா. "முட்டி வலிக்குதுன்னு சொன்னேல்ல. படியேற வேண்டாம்."

"அம்மா, அந்தப் பெட்டி வெச்ச லிஃப்ட்டு சரியா நிக்காது. புரியுதா?"

"நீ அதுல ஏறாத. மாடிப்படி எதுக்கு இருக்கு?"

"இப்பதான் முட்டி வலின்னே."

தங்கை அழுகைக்கு நடுவிலும் களுக்கென்று சிரித்துவிட்டாள். ஒரு நொடி மூன்று பேரும் பழைய மூன்று பேராக இருந்தார்கள். பிறகு தங்கை முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். "நீ வேலை வாங்கிக் குடுத்தேன்னு இத்தனை வருஷமா எங்க தலைமேல உக்காந்திருக்கே. இப்ப எடுத்துக்கவும் பாக்குற. எடுத்துக்கோ" என்றாள். அவள் கொண்டுவந்த ஆப்பிள்கள் மேசைமேல் கவரோடு கிடந்தன. அம்மா நறுக்கிக் கொடுத்தாள். ரசீதக்கா ஒரு துண்டோடு தட்டைத் தள்ளி வைத்தாள்.

அன்றிரவு அவள் யோசித்ததாகச் சொல்வதற்கு ஒன்றுமில்லை. பல்லைத் துலக்கினாள், மறுபடி துலக்கினாள், படுத்தாள்.

வெள்ளிக்கிழமை காலை பதிவேட்டைத் திறந்தாள். அந்தப் பதிவேட்டில் எழுதியதை அழிக்க முடியாது. கீழே சேர்க்கத்தான் முடியும். அப்படி அமைத்தவளும் அவளே. எந்த எண்ணில் பழுது பதிவானாலும் அது அந்த எண்ணின் உரிமைப் பிரிவுக்குத் தானாகவே போய்ச் சேரும். அந்தப் பிரிவு பழுதைச் சரிசெய்து சோதித்துக் காட்டாதவரை பெட்டிகள் வாயிலைத் தாண்ட முடியாது. அவள் இரண்டு வரிகள் சேர்த்தாள். கெர்னலுக்குப் புதிய எண். பழைய எண்ணைப் பயன்படுத்துவது பிரேக் பிரிவு, இன்னின்ன சோதனையில் உறுதியானது. சேமித்தாள். சற்று நேரத்தில் எதிர்வரிசையில் மாப்பிள்ளையின் கணினியில் மணி அடித்தது. அவர் நிமிர்ந்து அவளைப் பார்த்த பார்வையில் மேடமும் இல்லை, அக்காவும் இல்லை.

சுமுகம் கூப்பிட்டனுப்பினார். கதவைச் சாத்தச் சொன்னார்.

"என்னம்மா பண்ணி வெச்சிருக்கீங்க?"

"யார் நம்பரோ அவங்க பேர்ல எழுதியிருக்கேன் சார்."

"எனக்குத் தெரியாதுன்னு நினைச்சீங்களா?"

"உங்களுக்குத் தெரியும்னு தெரியும் சார்."

அவர் முகத்தில் வெட்கம் வருமா என்று அவள் பார்த்தாள். வரவில்லை. சாப்பாட்டில் முடி கிடந்தால் எடுத்துப் போட்டுவிட்டுத் தொடர்ந்து சாப்பிடுகிறவரின் முகம்.

"தெரிஞ்சா என்ன இப்ப? உண்மை தெரியிறது ஒண்ணு, அதை வெச்சு வேலை நடத்துறது ஒண்ணு. பெட்டி நிக்குது வாசல்ல. சரி, ஒண்ணு செய்யுங்க. ரெண்டு பிரிவுக்கும் கூட்டுப் பொறுப்புன்னு ஒரு வரி சேருங்க. பாதி உங்களுக்கு, பாதி அவருக்கு. குடும்பத்துக்குள்ள தானே? சுமுகமா போயிடும்."

"பாதிப் பொய் எழுதுற பழக்கமில்ல சார்."

"உங்க ஸ்கிரிப்ட் எடுத்துப் போடுற மாதிரி இருந்ததுனால தானே எடுத்தார்? குறிப்பைப் பெரிய எழுத்துல போட்டிருக்கலாமே? அதுல உங்க பொறுப்பு கொஞ்சம் இல்லையா?"

சாத்திய கதவை ரசீதக்கா திறந்து வைத்தாள்.

"அப்ப ஆவண அறைதான்" என்றார் சுமுகம், முதல்முறையாகச் சுமுகமில்லாத குரலில். "ட்ரேஸ் பெட்டியிலயே இருக்கட்டும், இனிமே அதைப் பிரேக் பிரிவே பாத்துக்கும்."

பிரேக்கைச் சரிசெய்தார்கள். வேறு வழியில்லை, பதிவேடு வாயிலை மூடியிருந்தது. நிரலில் ஓரிடத்தில் தேவையில்லாமல் காத்திருந்ததை எடுத்தார்கள், அவ்வளவுதான். எடை கோட்டில் வந்து ஒழுங்காக நின்றது. பழுதைத் துரிதமாகக் கண்டுபிடித்து நீக்கியதற்காக மாப்பிள்ளையைப் பாராட்டி எல்லாருக்கும் மடல் வந்தது. அதன் அச்சுப்படி கோப்பில் வைப்பதற்காக ரசீதக்காவின் மேசைக்கும் வந்தது. வைத்தாள்.

ஆவண அறை மாறவே இல்லை. அதே நெடி. யாரோ அவளுடைய பழைய நாற்காலியின் அடியில் மென்ற கம்மை ஒட்டிவைத்திருந்தார்கள். ஒரு பழைய அளவுகோலால் சுரண்டி எடுத்தாள். தங்கை பேசுவதில்லை. அம்மா முட்டி எப்படியிருக்கிறது என்று தினமும் கேட்டாள்.

அடுத்த பெட்டியின் சோதனை தொடங்கியபோது பழுதறிக்கைகள் கோப்புக்கு வரத் தொடங்கின. கதவு மூடாமல் பாதியில் திரும்புகிறது. விசிறி நின்றுபோகிறது. தள எண் காட்டும் திரை அணைகிறது. வெவ்வேறு உறுப்புகள், வெவ்வேறு பழுதுகள். அவளுக்கு மேல் ஓரத்தை மட்டும் பார்த்தாலே போதும். எல்லாவற்றிலும் ஒரே அடையாள எண், பழைய எண். ட்ரேஸை ஏற்றுக்கொண்ட மாப்பிள்ளை, பிரேக் ஃபோல்டரை எடுத்துக் கதவுக்கு ஒட்டி, விசிறிக்கு ஒட்டி, திரைக்கும் ஒட்டியிருந்தார். பதிவேட்டில் அந்த எண்ணின் உரிமையாளர் அவர்தான். பெட்டியில் எது தும்மினாலும் அவர் கணினியில் மணி அடித்தது. பரிசோதகர் அறிக்கையைக் கொடுக்க வந்தபோது சொன்னார்: "ரசீது, மேல்மாடியில உன் மாப்பிள்ளை கோயில் மணி மாதிரி அடிச்சுக்கிட்டே இருக்கான். சுமுகம் காதுல பஞ்சு வெச்சுட்டார்."

அதைக் கேட்டு மகிழ்ந்திருக்கலாம். அவளுக்குக் கதவு பாதியில் திரும்புவதுதான் உறுத்தியது. எது கதவின் பேச்சு, எது விசிறியின் பேச்சு என்று யாருக்கும் தெரியாமல் ஒரே சாக்கடையாக ஓடிக்கொண்டிருந்தது.

ஒரு பிற்பகல் மாப்பிள்ளையே இறங்கி வந்தார். கையில் பிஸ்கட் பொட்டலம். சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, "அக்கா" என்றார்.

"ஆபீஸ்ல மேடம்."

அவர் முகம் சிறுத்தது. நாற்காலியின் விளிம்பில் உட்கார்ந்தார். "மேடம். எல்லாம் ஒரே நம்பர்ல வருது. எதைச் சரிபண்றதுன்னே தெரியல. சார் வேற கத்துறார்."

"எங்கேருந்து எடுத்து ஒட்டினீங்க?"

"உங்க ஃபோல்டர் தான்..."

சொல்லாமல் இருந்துவிட ஒரு கணம் போதும். அவர் போய்விடுவார், மணி அடித்துக்கொண்டே இருக்கும். ஆனால் லிஃப்டில் ஏறுகிறவர்களுக்கு மாப்பிள்ளை யார் என்று தெரியாது. அவர்கள் அவளுடைய தங்கையைக் கட்டவில்லை.

"ஒவ்வொரு ஃபோல்டர்லயும் அந்த எண் வரியை எடுத்துட்டு ஒரு தடவை திறங்க. கெர்னலே ஆளுக்கொரு நம்பர் தரும். அதைப் பாத்து அந்தந்த ஸ்கிரிப்ட்ல எழுதுங்க, பதிவேட்டுலயும் சேருங்க. பிரேக்குக்கும் சேத்து. ஒண்ணோட நம்பர் இன்னொண்ணுல இருக்கக்கூடாது."

"இவ்வளவுதானா?"

"இவ்வளவுதான்."

அவருக்கு உயிர் வந்தது. பொட்டலத்தைப் பிரித்து ஒன்றை அவள் பக்கம் நீட்டினார். அவள் கையை நீட்டவில்லை. அவரே கடித்துக்கொண்டு எழுந்தார். கதவுவரை போனவர் திரும்பினார்.

"மேடம், ஒரு சந்தேகம். மேல ஒரு வரி இருக்கே, 'இந்த எண் இந்த டிரைவருக்கு மட்டும்'னு. அதை எடுத்துடணுமா? இல்ல, அதுவும் வேணுமா?"

ரசீதக்கா அவரை நிமிர்ந்து பார்த்தாள். கிண்டல் எதுவும் அந்த முகத்தில் இல்லை. உண்மையாகவே கேட்டார்.

"படிச்சுப் பாருங்க மாப்பிள்ளை" என்றாள். "ஒரே ஒரு தடவை படிச்சுப் பாருங்க."

அவர் கைபேசியில் அதைத் திறந்து, உதடு அசைய, அங்கேயே நின்று வாசித்தார். பிஸ்கட் தூள் அவள் அன்று காலை அடுக்கிய கோப்புகளின்மேல் உதிர்ந்தது.

"நல்லாத்தான் இருக்கு" என்றார். "எல்லாத்துலயும் இருந்துட்டுப் போகட்டும்."

அவர் போனபின் அவள் ஈரத்துணியை எடுத்துவந்து கோப்புகளைத் துடைத்தாள். பிறகு நாற்காலியை. பிறகு கதவின் கைப்பிடியையும்.